ஏசி பட்டனுக்குள் போன எறும்புகள்

வலங்கைமான்
கார்த்திகை 12, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வானதிக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், நட்டு முடித்த சம்பா சுகம், இந்த வருஷம் முதன்முறையாக உன் காரும் பரம சுகம். அங்கே நீ அந்தக் குளிரில் எப்படி இருக்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுது. தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே நீ "சுருக்கமாச் சொல்லும்மா, பஸ் வந்துரும்" என்கிறாய். இது சுருக்கமாகச் சொல்லுகிற விஷயம் இல்லை. அதனால்தான் நாலு நாளாக வாயைக் கட்டிக்கொண்டு மழை, கத்திரிக்காய் என்று பேசிச் சமாளித்தேன், உன் அப்பாவையும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன். வடக்குத் தெரு ராஜராஜன் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கே கிளம்புகிறான். அவன் பெட்டியில் பருப்புப் பொடி, வடகத்தோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். பொடியைப் பிறகு பிரிக்கலாம், முதலில் இதைப் படி. உன் அம்மா காரை ரிப்பேர் செய்துவிட்டாள்! மெக்கானிக் கைவிட்ட காரை, இந்தக் கையால், சாப்பாட்டு மேசை மேல் வைத்து! இரு, முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

நீ கனடா போகும்போது காரை வீட்டில் விட்டுவிட்டுப் போனாய், அப்பா ஓட்டட்டும் என்று. அப்பாவுக்கு இடது கண்ணில் புரை விழுந்த பிறகு அவர் ஓட்டுவதை விட்டுவிட்டார். போன வருஷம் நான் லைசென்ஸ் எடுத்த கதை உனக்குத் தெரியும், ஐம்பத்தேழு வயதில் எட்டுப் போட்டுக் காட்டியபோது அங்கே நின்ற பையன்கள் கைதட்டினார்கள். முப்பது வருஷம் உன் அப்பாவின் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே இறங்கியவள் நான். இப்போது கும்பகோணத்துக்குத் துணி எடுக்கப் போகவேண்டும் என்றால் சாவியை எடுத்துக்கொண்டு போய் வருகிறேன். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, உனக்குச் சொல்கிறேன். அந்தக் காருக்குத்தான் இந்தச் சித்திரையில் பெய்த கோடை மழைக்குப் பிறகு ஒரு நோய் வந்தது. ஏசி, ஃபேன், முன்கண்ணாடிக்குக் காற்று அடிப்பது எல்லாம் அதில் பட்டன்தானே. அதில் வலது பக்கத்துப் பட்டன்கள் மட்டும் நினைத்தால் வேலை செய்யும், நினைத்தால் செய்யாது. இடது பக்கம் இருக்கிற பட்டன்களுக்கு ஒரு குறையும் இல்லை. வலது பக்கத்தில் ஏசி, ஃபேன் கூட்டுவது, முன்கண்ணாடி மூன்றும் மாட்டிக்கொண்டன. விளக்கு எரியும், அமுக்கினால் சத்தம் வரும், காற்று மட்டும் வராது. நம் கடைத்தெரு முனையில் ஷெட் வைத்திருக்கும் மூஸா பாயிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார், ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார், அது நன்றாக இருந்தது. "அக்கா, இது எலக்ட்ரானிக் சாமான். பேனல் மொத்தத்தையும் மாத்தணும். இந்த மாடலே இப்ப வர்றதில்ல. பழைய சாமான் எங்கயாவது கெடைச்சா சொல்றேன். நீங்க அதுவரைக்கும் கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு ஓட்டுங்க, காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்றார். நானும் வெயில் காலம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன்.

மழைக் காலம் வந்ததும்தான் வினை வந்தது. ஐப்பசியில் நீடாமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்கு நானும் அப்பாவும் போய்விட்டுத் திரும்பும்போது வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. கண்ணாடியை ஏற்றினோம். ஏற்றின கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக ஆவி படிந்துவிட்டது. முன்கண்ணாடி பட்டனை அமுக்குகிறேன், அமுக்குகிறேன், ஒன்றும் வரவில்லை. அப்பா மேல்துண்டால் துடைக்கிறார், துடைத்த இடம் அவர் கையை எடுப்பதற்குள் மறுபடி மூடுகிறது. ரோட்டோரம் குறுவை நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள், இந்த வருஷம் ஈரப்பதம் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்காமல் போட்டுவிட்ட நெல். எனக்குத் தெரியவே இல்லை வானதி. ஓரமாக நிறுத்தலாம் என்று வண்டியை ஒடித்தவள் அந்தக் குவியல் மேலேயே முன் டயரை ஏற்றிவிட்டேன். தார்ப்பாய் கிழிந்து நெல் மழைத் தண்ணீரில் ஓடியது. பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டு, "நாலு மாசப் பாடு அக்கா, டயர ஏத்திட்டீங்களே" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்பா இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் நெல்லை வாரிப் போட்டார். நானும் வாரினேன். நல்லவேளையாகப் பெரிய சேதம் இல்லை, கிழிந்த தார்ப்பாய்க்குப் பதில் மறுநாளே நம் வீட்டுத் தார்ப்பாயைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். ஆனால் நெல் இருந்த இடத்தில் யாராவது படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு அன்றைக்கு மட்டும் இல்லை, பல நாளுக்கு என்னை விடவில்லை.

வீடு வந்து சேர்ந்ததும் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "கண்ணு தெரியாம ஓட்டுறதும் ஒண்ணுதான், கண்ணாடி தெரியாம ஓட்டுறதும் ஒண்ணுதான். வித்துருவோம் தங்கம்." குடவாசல் நெல் வியாபாரி ரெத்தினம் இருக்கிறாரே, அவர் மகனுக்குப் பழைய கார் தேடுகிறார் என்று தெரிந்து சொல்லியும் அனுப்பிவிட்டார். ரெத்தினம் வந்தார், காரைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார், கார்த்திகை பிறந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று வாயால் உறுதி சொல்லிவிட்டுப் போனார். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அப்பா சொன்னதில் தப்பு இல்லையே. சாயங்காலம் காரைத் துடைக்கப் போனேன். விற்கப் போகிற கார்தான், இருந்தாலும் அழுக்காகக் கொடுக்கக் கூடாது. அப்போதுதான் அதைக் கவனித்தேன். கியர் கம்பிக்குப் பக்கத்திலிருந்து சின்னச் சின்னக் கறுப்பு எறும்பு ஒரு வரிசையாக ஏறி, ஏசி பேனலுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கிற நூல் இடைவெளிக்குள் போகிறது. போன மாதம்கூட எறும்பைப் பார்த்து மஞ்சள் தூளைப் போட்டு விரட்டியவள்தான் நான். அன்றைக்கு விரட்டவில்லை. ஏசிக்குள் எறும்புக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இனிப்பு இருந்தால்தானே எறும்பு போகும்?

அந்த ஒரு கேள்வி வந்ததும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. அப்புறம் ஐந்து நாள் நான் அந்தக் காரை நோயாளி மாதிரி பார்த்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன், காலை ஆறு மணிக்கு எந்தப் பட்டன் சொன்னபடி கேட்கிறது, பகல் இரண்டு மணிக்கு எது கேட்கிறது என்று. மழை பெய்த காலையில் வலது பக்கம் மூன்றும் செத்துக் கிடக்கும். வெயில் வந்து கார் நன்றாகக் காய்ந்த பிறகு அமுக்கினால் மூன்றும் வேலை செய்யும்! இடது பக்கத்துக்கு மழையும் ஒன்று, வெயிலும் ஒன்று. பேனல் மொத்தமும் கெட்டிருந்தால் இடது பக்கம் மட்டும் எப்படி நன்றாக இருக்கும்? நான் இருபத்தாறு வருஷம் பத்திர எழுத்தர் ஆபீசில் டைப் அடித்தவள். ஒரு எழுத்து விழவில்லை என்றால் மெஷினை மாற்று என்று யாராவது சொல்வார்களா? கீழே அழுக்கு சேர்ந்திருக்கும், பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்தால் மறுபடி பத்து வருஷம் ஓடும். எத்தனை கிரயப் பத்திரம், எத்தனை பாகப் பிரிவினை அப்படித் துடைத்துத் துடைத்து அடித்திருக்கிறேன். அந்தத் தைரியம்தான். அப்பாவிடம், எப்படியும் விற்கப் போகிறீர்கள், கெட்டது கெட்டதாகவே போகட்டும், ஒரு தடவை பிரித்துப் பார்க்கிறேன் என்றேன். "ஷாக் அடிச்சா என்னயக் கேக்காத" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். போன மனுஷர் பத்து நிமிஷத்தில் எதையோ மறந்துவிட்ட மாதிரி திரும்பி வந்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

போனில் வீடியோ தேடினேன். இதே மாடல் காரை ஒரு வெள்ளைக்காரர் பிரிக்கிறார், பேசுகிற பாஷை எந்த நாட்டுப் பாஷையோ, ஆனால் கை பேசுகிறதே, அது போதும். அவர் செய்த மாதிரியே முதலில் பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றினேன். நீ பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்கேலில் துணியைச் சுற்றி, பேனலின் ஓரத்தில் விட்டு மெல்ல நெம்பினேன். டக்கென்று ஒரு சத்தம் வந்தது, உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன், உடையவில்லை, கிளிப்தான் விட்டிருக்கிறது. நாலு ஸ்குரூ, பின்னால் இரண்டு பிளக். பிளக்கை உருவும் முன்னால் எது எங்கே என்று போட்டோ எடுத்துக்கொண்டேன். பேனலைக் கொண்டு வந்து சாப்பாட்டு மேசை மேல் அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்து வைத்தேன், ஸ்குரூ உருண்டு போனால் கண்ணுக்குத் தெரியவேண்டும் அல்லவா. பின்மூடியைத் திறந்தேன். அம்மாடி! ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே ரப்பரில் மிளகு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, அது போய்ப் பச்சை அட்டையைத் தொட்டால்தான் பட்டன் வேலை செய்யும். இடது பக்கம் புதுசு மாதிரி பளபளக்கிறது. வலது பக்கம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் பாகு காய்ந்து, அதில் செத்த எறும்பு ஒட்டிக் கிடக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன், பிசுக்கென்று ஒட்டியது. முகர்ந்தும் பார்த்தேன். நன்னாரி சர்பத்!

இப்போது நீ தலையைக் குனிந்துகொள்வாய் என்று எனக்குத் தெரியும். திருச்சியில் வேலை பார்த்தபோது ஒரு சனிக்கிழமை நீ காரில் வந்து இறங்கினாய், உள்ளே ஒரே நன்னாரி வாசம், என்னடி என்று கேட்டதற்குப் புது செண்ட் வாங்கி வைத்தேன் என்றாய். நானும் நம்பி, நல்ல வாசமாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். படுபாவி. அன்றைக்குக் கொட்டின சர்பத் அத்தனை வருஷம் உள்ளே காய்ந்து கிடந்திருக்கிறது. சர்க்கரை ஆயிற்றே, மழைக் காலத்து ஈரத்தை இழுத்துக்கொண்டு பட்டனைத் தொடவிடாமல் செய்திருக்கிறது, வெயிலில் காய்ந்தால் விட்டுக்கொடுத்திருக்கிறது. ஈரம் ஏறியபோது எறும்பும் ஏறியிருக்கிறது. எனக்குக் கோபமே வரவில்லை, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்பா எட்டிப் பார்த்து என்ன என்றார், உங்கள் மகளின் செண்ட் என்றேன். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்தேன். காது குடையும் பஞ்சுக் குச்சி, பழைய பல் பிரஷ், இரண்டும் வீட்டிலேயே இருந்தன. பச்சை அட்டையில் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன், கறுப்புப் பொட்டுகளைப் பூப்போல துடைத்தேன், ரப்பரைக் கழுவி ராத்திரி முழுக்கக் காயவைத்தேன். மொத்தம் பதினேழு குச்சி ஆனது, கடைசிக் குச்சி வெள்ளையாகவே வந்தது. திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்குரூ மிஞ்சிவிட்டது, அது எங்கே போகவேண்டியது என்று இன்றுவரை தெரியவில்லை, யாரிடமும் சொல்லாதே.

பேட்டரி வயரை மாட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். விளக்குகூட எரியவில்லை! இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை, பேனலே இருட்டு. வாசல்படியில் நின்ற அப்பா தொண்டையைக் கனைத்தார். எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. இருந்ததையும் கெடுத்துவிட்டேனே, ரெத்தினத்துக்கு என்ன பதில் சொல்வது. பிறகு, கழற்றும் முன் எடுத்திருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போட்டோவில் பிளக் முழுக்க உள்ளே போயிருக்கிறது, நான் மாட்டினது நெல்மணி அகலத்துக்கு வெளியே நிற்கிறது. மறுபடி பேனலை இழுத்து, கட்டை விரலை வைத்து அழுத்தினேன். டக்! அந்தச் சத்தம் இருக்கிறதே வானதி, உன் முதல் அழுகைக்குப் பிறகு நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான். எல்லா விளக்கும் எரிந்தது. மழை பெய்து ஊறின காலை அது, ஒரு பொட்டு வெயில் இல்லை. முன்கண்ணாடி பட்டனை அமுக்கினேன். புஸ்ஸென்று காற்று கண்ணாடியில் போய் அடித்தது! ஏசியை அமுக்கினேன், வந்தது. ஃபேனைக் கூட்டினேன், கூடியது. நான் போட்ட கூச்சலில் ஷாக் அடித்துவிட்டது என்று பயந்து அப்பா துடைப்பக் கட்டையோடு ஓடி வந்தார். பக்கத்தில் உட்காரவைத்து அவர் முகத்துக்கு நேரே ஏசியைத் திருப்பிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். "குளுருதுல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் இறங்கவில்லை.

இது போன திங்கட்கிழமை. மத்தியானத்துக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, மூஸா பாயிடம் காட்டியே ஆகவேண்டும் என்று காரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். போகும்போதே மழை பிடித்துக்கொண்டது. நான் போய் நிறுத்தி, தம்பி வந்து பாருங்க என்று கூப்பிடுகிறேன், ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற வீட்டிலிருந்து அவர் மனைவி ஷமீரா தலையில் முக்காடுகூடச் சரியாகப் போடாமல் ஓடி வந்தாள். அவர்கள் மகள் ஷமா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், நாள் இன்னும் இருபத்தைந்து இருக்கிறது, பனிக்குடம் உடைந்துவிட்டது. ரத்தக் கொதிப்பு இருப்பதால் வலி கண்டால் வேறு எங்கேயும் போகாமல் நேரே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாராம். நூற்றெட்டுக்குப் போன் செய்தார்கள், ஆம்புலன்ஸ் வருகிற வழியில் மரம் விழுந்திருக்கிறது, சுற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மூஸா பாய் தன் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். பதினொரு வண்டி நிற்கிறது, ஒன்றுக்கு என்ஜின் இல்லை, ஒன்றுக்குச் சக்கரம் இல்லை, ஓடுகிற நிலையில் ஒன்றுகூட இல்லை. ஊரார் வண்டியையெல்லாம் ஓட வைக்கிற மனுஷர், சொந்த மகளுக்கு ஒரு வண்டி இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் பின் கதவைத் திறந்து, பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க ஷமீரா என்றேன்.

மணி மூன்றரை இருக்கும், ஆனால் வானம் ஆறரை மாதிரி இருட்டியிருந்தது. பின்னால் ஷமாவும் ஷமீராவும், முன்னால் என் பக்கத்தில் மூஸா பாய். எல்லாரும் நனைந்து ஏறியதில் குடமுருட்டிப் பாலத்தை எட்டுவதற்குள் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. எனக்கு நீடாமங்கலத்து நெல் கண்ணில் வந்து நின்றது. மூஸா பாய் சட்டைக் கையால் துடைக்கக் குனிந்தார். தம்பி, இருங்க என்று சொல்லிவிட்டு பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. காற்று வந்தது, கண்ணாடியின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு ரோடு தெரிந்தது, பிறகு ஒரு சாண், பிறகு வைப்பர் போகிற அளவுக்கு மொத்தமும் தெளிந்துவிட்டது. மூஸா பாய் பட்டனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் ஷமா "அத்தா, முடியல அத்தா" என்று தகப்பனைக் கூப்பிட்டு முனகுகிறாள், ஷமீரா ஓதிக்கொண்டே மகளின் முதுகைத் தடவுகிறாள். பாபநாசம் தாண்டி அய்யம்பேட்டைக்கு முன்னால் ஒரு வளைவு. வளைந்ததும் ரோட்டின் நடுவில் வைக்கோல் ஏற்றின டிராக்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் நிற்கிறது, கயிறு அறுந்து வைக்கோல் சரிந்து கிடக்கிறது. எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. மெல்ல பிரேக் போட்டு, ஒதுங்கி, தாண்டிப் போனேன். அன்றைக்குக் கண்ணாடி மூடியிருந்தால் அந்த டிராக்டருக்குள் போய்த்தான் நின்றிருப்போம், ஐந்து உயிர், பிறக்காததையும் சேர்த்து. தாண்டின பிறகுதான் மூஸா பாய் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க நிதானமா ஓட்டுங்க, நல்லா ஓட்டுறீங்க" என்றார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது மணி நாலே முக்கால். நர்ஸ்கள் ஓடி வந்து ஸ்ட்ரெச்சரில் எடுத்துக்கொண்டு போனார்கள், கொதிப்பு ஏறியிருந்ததால் உடனே ஆபரேஷன் என்றார்கள். ஷமீரா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை, விரலெல்லாம் மரத்துவிட்டது. ஆறு மணி வாக்கில் கதவு திறந்தது. பெண் குழந்தை, தாயும் நலம்! ஷமீரா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். மூஸா பாய் சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தவர் எழுந்து என்னிடம் வந்தார். "அக்கா, பேனல மாத்தணும்னு சொன்னேன்ல" என்றார். ஆமாம் தம்பி என்றேன். "நான் பிரிச்சே பாக்கலக்கா. பழைய வண்டிதானேன்னு விட்டுட்டேன்." அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு ஒன்றும் பெருமையாக இல்லை அப்போது, அவர் தோளைத் தட்டி, உள்ளே போய்ப் பேத்தியைப் பாருங்க என்று அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே ரெத்தினம் காரை எடுக்க வந்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன், உள்ளிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அப்பா அவரை உட்காரச் சொல்லி, "மன்னிச்சுக்குங்க, வண்டி விக்கிறதுக்கு இல்ல. அவங்களுக்கு வேணும்" என்றார். ரெத்தினம் யாருக்கு என்று கேட்டார். "ஓட்டுறவங்களுக்கு" என்றார் உன் அப்பா. குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்த பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. இன்னும் கேள். நேற்று சாயங்காலம் மூஸா பாய் ஒரு கார்க்காரரை நம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார், கதவுக் கண்ணாடி ஏற்றுகிற பட்டன் கேட்கவில்லையாம், பட்டன் கேஸ் எல்லாம் இனிமேல் அக்காவிடம்தான் என்று சொல்லிவிட்டாராம்! நான் முடியாது என்று சொல்வதற்குள் அப்பா மேசையில் வேட்டியை விரித்துவிட்டார். இந்தத் தடவை டார்ச் பிடித்தது அவர்தான், பிடித்த கையை ஆட்டிக்கொண்டே இருந்தார், இரண்டு தடவை அதட்டினேன்.

உனக்குச் சொல்லவேண்டியது, பனியில் கார் ஓட்ட நேர்ந்தால் கண்ணாடி முழுக்கத் தெளிந்த பிறகே வண்டியை எடு, நேரமாகிறது என்று பாதி தெரிகிற கண்ணாடியோடு கிளம்பாதே. காருக்குள் எதையும் குடிக்காதே. எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே தண்ணீர் சுடச் சுடத்தான் வருகிறதே. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் மார்கழி பிறப்பதற்குள் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பயப்பட ஒன்றும் இல்லை, நானே கூட்டிக்கொண்டு போய் வருவேன். நீ எந்தக் குறையும் இல்லாமல், நினைத்தது நடந்து, நீண்ட ஆயுளோடு இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். மறந்துவிடாதே, பொங்கலுக்கு டிக்கெட் போட்டதும் விமானம் திருச்சியில் இறங்குகிற நேரத்தை எழுதி அனுப்பு, வாடகைக் கார் பேசாதே. வெளியே வந்ததும் அப்பா கையை ஆட்டுவார், உன் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு முன் சீட்டில் வந்து ஏறிக்கொள். நான் என்ஜினை அணைக்காமல் காத்திருப்பேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா
தங்கமணி பஞ்சநதம்